ஒட்டுப் போர்வையும் பெங்களூர்ச் சாயமும்

பெங்களூர் நகரத்து ஓவியக் காட்சிச் சாலைகளில் அண்மைக் காலமாக ஒரு புதுமையைக் காண்கிறோம். எண்ணெய் வண்ணத்திலும் நீர் வண்ணத்திலும் தீட்டிய படங்களுக்கு இடையே, பழைய புடவைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்த போர்வைகளும் சுவரில் தொங்குகின்றன. அவற்றின்முன் நின்று நிறச் சேர்க்கையைப் பற்றியும் கோட்டமைதியைப் பற்றியும் பேசுவோர் உண்டு. பெருவிலை கொடுத்து வாங்கிச் செல்வோரும் உண்டு. நம் பாட்டிமார் இக்காட்சியைக் கண்டிருப்பின் வாய்விட்டுச் சிரித்திருப்பர். அவர்கள் அறிந்த அளவில் அது கந்தை. குழந்தைக்கு விரிப்பது, குளிருக்குப் போர்த்துவது, விருந்தினர் வந்தால் மறைத்து வைப்பது.

கந்தை என்னும் சொல்லே ஒரு வரலாறு உடையது. வடமொழியில் கந்தா என்பது ஒட்டுப் போட்டுத் தைத்த ஆடை. துறவியர் அதனை விரும்பி அணிந்தனர். பௌத்தத் துறவிகளின் ஆடையும் முழுத் துணியாக இராது. துண்டு துண்டாக வெட்டி இணைத்தே தைக்கப்படும். வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளில் பூவும் மீனும் தேரும் தைத்து அதற்குக் காந்தா எனப் பெயரிட்டுப் பெருமை கொண்டனர். தமிழகத்திலோ அச்சொல் வறுமைக்கு மறுபெயராகவே நின்றுவிட்டது. கசக்கிக் கட்டுமாறு நமக்கு அறிவுறுத்திய முன்னோர், அதனைத் தைத்து அழகு செய்யுமாறு அறிவுறுத்தினாரில்லை. கன்னட நாட்டார் இவ்வகையில் நம்மினும் கொடுத்து வைத்தவர்கள். அவர்கள் ஒட்டுப் போர்வைக்குக் கௌதி என்று தனிப்பெயர் சூட்டி, தலைமுறை தலைமுறையாக அதனைப் போற்றி வந்துள்ளனர்.

இப்போர்வைகளைப் பற்றிப் பேசுங்கால், அவற்றில் இடம் பெறும் துணி எங்கே நெய்யப்பட்டது, அதன் சாயம் எங்கிருந்து வந்தது என்று வினவுதல் வேண்டும். பழந்துணியின் அழகில் பாதி சாயக்காரன் கைப்பட்டதன்றோ? அவ்வினாவுக்கு விடைகாணப் பெங்களூரின் பழைய பேட்டைக்குள் நுழைவோம்.

கெம்பே கௌடர் 1537-ஆம் ஆண்டில் பெங்களூர் நகரை அமைத்தார் என்பது வழக்கு. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு பேட்டை என்பது அந்நகரின் அமைப்பு. அரளேபேட்டை பஞ்சுக்கும், அக்கிப்பேட்டை அரிசிக்கும், தரகுப்பேட்டை தானியத்துக்கும் உரியனவாக விளங்கின. 1791-இல் காரன்வாலிஸ் படை பேட்டையைத் தாக்கிக் கைப்பற்றியபோது வணிகம் சிதைந்தது. 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மறு ஆண்டே பிரான்சிஸ் புக்கானன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் கம்பெனியாரின் ஆணைப்படி சென்னையினின்று புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றி வந்தார். அவர் கண்டவை 1807-இல் மூன்று தொகுதிகளாக இலண்டனில் அச்சாயின. புக்கானன் ஆட்சியாளரின் தேவைக்காக எழுதியவர்; எனினும் நெசவாளியின் தறியருகிலும் சாயக்காரனின் தாழியருகிலும் நின்று, கேட்டுக் கேட்டு எழுதியவர். அதனால் அவர் குறிப்புகள் இன்றும் நமக்குப் பயன்படுகின்றன.

பட்டு நெய்த பட்டேகாரரும் கத்திரிகளும், பருத்தி நெய்த தேவாங்கரும் தொகடரும் ஆகிய பல வகுப்பினர் அவர் ஏட்டில் காட்சி தருகின்றனர். பெண்கள் வாரச் சந்தையில் பஞ்சு வாங்கி வீட்டில் நூற்றனர். அந்நூலை நெசவாளர் சந்தையிலேயே வாங்கினர். பட்டுக்குச் சிவப்பு அரக்கிலிருந்து வந்தது. செம்மஞ்சள் நிறம் கபிலப் பொடியிலிருந்து வந்தது. அது காட்டு மரமொன்றின் காய்மேல் படிந்திருக்கும் செந்தூள். காயைத் தேய்த்து உதிர்த்து எடுப்பர். மஞ்சள் நிறத்துக்கு நாம் உணவிலிடும் மஞ்சளே உதவியது. ஆனால் அது நில்லாச் சாயம், வெயில் பட்டால் வெளுத்துவிடும்.

பருத்தியில் நிறம் ஏற்றுதல் இதனினும் அரிய கலை. பட்டு சாயத்தை எளிதில் ஏற்கும், பருத்தி ஏற்காது. எனவே சிவப்பு வேண்டுவோர் நூலை எண்ணெயிலும் சாம்பற்காரத்திலும் மாறி மாறி ஊறவைத்து வெயிலில் உலர்த்துவர். பல நாள் இவ்வாறு செய்தபின் படிகாரம் சேர்த்து, நுணா மரத்தின் வேர்ப்பட்டையை இடித்துக் காய்ச்சிய நீரில் இடுவர். நம் ஊர்களில் மஞ்சணத்தி என்று வழங்கும் அதே மரந்தான். வேம்படம் என்னும் கொடியின் வேர்ப்பட்டையும் இதற்குப் பயன்பட்டது. படிகாரமே சாயத்தைத் துணியோடு பற்றவைக்கும். அஃதின்றேல் நிறம் முதல் சலவையிலேயே நீரோடு போய்விடும்.

நீலத்தின் இயல்பு வேறு. அவுரிச் சாயம் நீரில் கரையாது. சுண்ணாம்பு, காரநீர், தகரை விதைக் கஞ்சி ஆகியவற்றோடு சேர்த்துத் தாழியில் புளிக்கவைத்தால், நீலம் மறைந்து பசுமஞ்சள் நீராகும். அதில் தோய்த்தெடுத்த நூல் முதலில் பச்சையாகத் தோன்றும். காற்றுப் பட்டவுடன் கண்ணெதிரே நீலமாக மாறும். மீண்டும் மீண்டும் தோய்த்தால் கருநீலம். தாழி கெட்டுவிடாமல் காப்பது, கைக்குழந்தையை வளர்ப்பது போன்றது என்பர். அதன் மணத்தையும் சூட்டையும் கொண்டே பதம் அறிவர். இவ்வறிவு எழுதி வைக்கப்படவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கையோடு கையாக வந்தது.

அவ்வாறு வந்த அறிவு, ஒரு மனிதரின் ஆயுட்காலத்துக்குள்ளாகவே பெரிதும் அழிந்தது. 1856-இல் பதினெட்டு வயது நிரம்பிய வில்லியம் பெர்க்கின் என்னும் ஆங்கில மாணவர், கொயினா மருந்தைச் செய்ய முயன்று, நிலக்கரித் தாரிலிருந்து ஊதாச் சாயத்தைக் கண்டார். 1868-இல் ஜெர்மானியர் இருவர் வேர்ச் சிவப்பின் சாரத்தைச் செயற்கையாக ஆக்கினர். 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது. பத்து நாள் வேலையைப் பத்து நாழிகையில் முடிக்கும் தூளைச் சந்தையில் வாங்க முடியுமாயின், எந்தச் சாயக்காரன் வேரைத் தேடிக் காட்டுக்குப் போவான்? அவனைக் குறை கூறுவதற்கில்லை. இதே காலத்தில் பெங்களூரில் ஆலைகளும் எழுந்தன. 1884-இல் தோன்றி, பின்னர் பின்னி நிறுவனத்தாரின் பொறுப்பில் வளர்ந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலையில் தமிழ்த் தொழிலாளர் பலர் வேலை செய்தனர். அந்த ஆலையும் இன்று இல்லை.

தாழிகள் கவிழ்ந்தபின் அப்பழைய நிறங்கள் எங்கே தங்கின? அரண்மனைப் பட்டாடைகள் பொருட்காட்சிச் சாலைக்குச் சென்றன. உழவர் வீட்டுப் பருத்திச் சேலையை எந்தப் பொருட்காட்சிச் சாலையும் கேட்கவில்லை. அது கிழியும்வரை உடுக்கப்பட்டது. கிழிந்தபின் கௌதிக்குள் புகுந்தது. ஆதலின், சாதாரண மக்களின் துணி வரலாற்றை அறிய விரும்புவோர் கௌதியின் அடுக்குகளைத்தான் பிரித்துப் பார்த்தல் வேண்டும்.

கௌதியின் தாயகம் வட கன்னட நாடு: தார்வாடு, பெலகாவி, பாகல்கோட்டை, விசயபுரம் முதலிய மாவட்டங்கள். அங்கே இல்கல் என்னும் ஊரில் நெய்யும் சேலைக்கு உடல் பருத்தி, முந்தானை சிவப்புப் பட்டு. இரண்டையும் தறியிலேயே கண்ணி கண்ணியாகக் கோத்து இணைப்பர். குளேதகுட்டத்தில் நெய்யும் கணம் என்னும் இரவிக்கைத் துணியும் அப்பகுதியில் பெயர் பெற்றது. இவை பழையனவானபோது அடுக்கடுக்காக விரித்து, மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டி, நெருக்கமான ஓட்டுத் தையலால் முழுவதையும் பிணைப்பர். பல ஆண்டு துவைத்த பருத்தி பூப்போல மென்மையாகிவிடும். அதனாலேயே பிள்ளை பெற்றவளுக்கும் பச்சைக் குழந்தைக்கும் கௌதியை விரித்தனர். இறந்துபோன பாட்டியின் சேலை பேரனின் விரிப்பில் ஓரடுக்காக இருத்தல் இயல்பு. பழைய கௌதியைச் சற்று உற்று நோக்கினால் சாயங்களின் குணமும் விளங்கும். நாம் பார்த்த ஒன்றில், மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய கட்டங்கள் அழுக்கு வெண்மையாய் வெளுத்திருந்தன. அருகிலிருந்த கருநீலத் துண்டோ நூல் தேய்ந்து இழை தெரிந்த பின்னும் நீலமாகவே நின்றது.

கௌதிக்கு உறவான மற்றொரு போர்வை உண்டு. அதன் கதை கடல் கடந்தது. வட கன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரக் காடுகளில் சித்தி என்னும் மக்கள் வாழ்கின்றனர். இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பதினாறாம் நூற்றாண்டு முதல் போர்த்துகீசியரும் பிறரும் அடிமைகளாகக் கொணர்ந்து கோவாவில் இறக்கினர். தப்பியோடியவர்களும் விடுதலை பெற்றவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் குடியேறினர். இன்று அவர்களுள் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் உளர். 2003-இல் அவர்கள் அட்டவணைப் பழங்குடியினராக ஏற்கப்பட்டனர்.

சித்திப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அதன் முறை தனித்தன்மை உடையது. கட்டங்களை முன்னரே அளந்து வெட்டி இணைக்கும் மேனாட்டு வழக்கம் அங்கில்லை. ஒரு பருத்திச் சேலையை அடித்துணியாக விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தை ஒட்டியே துண்டுகளை மடித்து வைத்துத் தைத்துக்கொண்டு போவர். ஒரு சுற்று முடிந்தால் அதற்கு உள்சுற்று. இவ்வாறு சுற்றிச் சுற்றி நடுவை அடைந்தால் போர்வை முடிந்தது. ஒட்டுவதும் பிணைப்பதும் ஒரே ஊசியோட்டத்தில் நிகழ்கின்றன. வரைபடம் கிடையாது, அடுத்து எந்த நிறம் என்பது மடியிலுள்ள துணிமூட்டையையும் தைப்பவளின் மனத்தையும் பொறுத்தது. அருகிலிருந்து பார்ப்போர்க்கு இது ஒழுங்கற்ற குவியலாகத் தோன்றும். பத்தடி தள்ளி நின்றால், சிவப்பு எங்கே மீண்டும் வரவேண்டும் என்பதை ஒரு கண் தீர்மானித்திருப்பது புலனாகும். கிறித்தவ வீடுகளின் போர்வையில் சிலுவையும், முஸ்லிம் வீடுகளின் போர்வையில் பிறையும் சிற்சில வேளை இடம் பெறும். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியடுக்குகளை வைப்பர். அதற்குப் பூல் என்று பெயர், மலர் என்பது பொருள். அம்மலரில்லாப் போர்வை ஆடையில்லாத உடலை ஒக்கும் என்பது அவர்கள் கருத்து.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கக் கலை வரலாறு பயிற்றிய ஹென்றி ட்ரூவல் இப்போர்வைகளின் அருமையை உணர்ந்தார். அவருடைய உதவியோடு 2004-இல் சித்திப் பெண்களின் போர்வைக் கூட்டுறவு அமைப்பு ஒன்று தோன்றியது. 2011-இல் நியூயார்க் நகரின் ஷாம்பர்க் நிலையத்தில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன. பெங்களூரிலிருந்தே ஓவியர் அனிதா ரெட்டி போன்றோர் சித்திப் பெண்களோடு இணைந்து பணிசெய்து, இப்போர்வைகளைக் கலைக்கூடங்களுக்குக் கொண்டுவந்துள்ளனர்.

கந்தை கலையாவது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. மேனாட்டாரின் ஒட்டுப் போர்வைக்கும் நம் சோழமண்டலக் கரைக்கும் உள்ள தொடர்பை நம்மவர் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் சாயவேரால் சிவப்பேற்றிக் கையால் பூவெழுதிய நம் சீட்டித்துணிகள் இங்கிலாந்தில் பெருமோகத்தை உண்டாக்கின. அங்குள்ள கம்பளி, பட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். 1700-இலும் 1721-இலும் இயற்றிய சட்டங்களால் அவற்றை உடுத்துவதும் வீட்டில் பயன்படுத்துவதும் தடுக்கப்பட்டன. தடை 1774-இல்தான் நீங்கியது. அரிய பொருளாகிவிட்ட துணியின் சிறு துண்டையும் எறிய யாருக்கு மனம் வரும்? வெட்டி எஞ்சியவற்றைச் சேர்த்துத் தைத்தனர். இங்கிலாந்தில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுவேலைகளுள் ஒன்று, லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ள படுக்கை விரிப்பும் திரைகளும். 1708-ஆம் ஆண்டளவில் செய்யப்பட்டவை. அவை முழுவதும் இந்தியச் சீட்டித் துண்டுகளே. பழந்துணியும் கைச்சாயமும் கூடிய ஆங்கிலப் போர்வைக்கு முதல் நிறம் கொடுத்தவர்கள் நம் கரையோரச் சாயக்காரர்கள். தைத்த சீமாட்டியின் வீட்டை வரலாறு குறித்து வைத்தது. சாயக்காரரின் ஊரைக்கூடக் குறிக்கவில்லை.

இக்குறை பின்னரும் தொடர்ந்தது. 1971-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அமெரிக்கப் போர்வைகளை நவீன ஓவியங்களைப்போல் சுவரில் மாட்டிக் காட்டியது. போர்வைக்குக் கலைத் தகுதி கிடைத்த நாள் என அதனைப் புகழ்வர். தைத்த பெண்களுள் பெரும்பாலோர் பெயரறியாதவர்களாகவே அங்கும் நின்றனர். அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்டு என்னும் ஆற்றுவளைவுச் சிற்றூரில், அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் பழைய வேலையுடுப்புகளைக் கொண்டு போர்வை தைத்தனர். 2002-இல் அவை ஹூஸ்டன் நகர அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டன. 2006-இல் தபால் தலைகளிலும் ஏறின. இவ்வூரார்க்கு முறையாகப் பெயரும் கிடைத்தது. ஆயினும் போர்வைகளின் கோலத்தைப் பிறர் பல பொருள்களில் அச்சிட்டு ஈட்டிய பணத்தில் தமக்குரிய பங்கு வரவில்லை என்று 2007-இல் சிலர் வழக்காடினர். மறு ஆண்டு அது சமரசமாக முடிந்தது. கலை என்ற பட்டம் கிடைத்தவுடன் கணக்கும் எழுகிறது என்பதை அவ்வூர்ப் பெண்கள் நன்கு அறிந்துகொண்டனர்.

பெங்களூரிலும் இக்கணக்கு எழாமற் போகாது. 1960-இல் தோன்றிய கர்நாடகச் சித்திரகலா பரிஷத்தைப் போன்ற நிலையங்கள் நாட்டுக் கலைக்கும் நகரக் கலைக்கும் இடையே பாலமாக விளங்கி வந்துள்ளன. இன்று நகரத்துக் கலைஞர் சிலர் அவுரித் தாழியைத் தாமே வைத்து, கடுக்காயும் இரும்புத் துருவும் கொண்டு கறுப்பேற்றி, பழைய சேலைகளோடு இணைத்துத் தைக்கின்றனர். இம்முயற்சி போற்றத்தக்கது. ஆனால் ஒருவர் கருத்தைச் சொல்ல, மற்றொருவர் கூலிக்குத் தைக்க, சுவரில் தொங்கும் சீட்டில் முன்னவர் பெயர் மட்டும் இருக்குமாயின், அதை ஒப்புவதற்கில்லை. கவந்தியில் கருத்தும் தையலும் ஒருத்தியினுடையவை. அடுத்த துண்டு எது என்று ஊசி முனையிலேயே முடிவு செய்பவளை வெறும் கையாள் என்று எவ்வாறு சொல்வது?

தைத்தவர் பலராயிருந்தும் அவர்களை மறவாத ஒரு சான்றும் கர்நாடகத்திலேயே உண்டு. பெங்களூரில் வாழும் எழுத்தாளர் சுதா மூர்த்தி 2017-இல் வெளியிட்ட நூல் ஒன்றுக்கு ‘மூவாயிரம் தையல்கள்’ என்னும் பொருளில் ஆங்கிலப் பெயர் சூட்டினார். தேவதாசி வழக்கத்தினின்று மீண்ட 3,000 பெண்கள், ஆளுக்கொரு தையலாக இட்டு ஒரு போர்வை செய்து அவருக்கு அளித்த செய்தியே அப்பெயருக்குக் காரணம். எந்தத் தையல் யாருடையது என்று இனிப் பிரித்தறிய முடியாது. எனினும் எத்தனை பேர் என்பது நூலின் முகப்பிலேயே நின்றுவிட்டது.

பழந்துணியின் விலையையும் இங்கே கருத வேண்டும். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் பெண்கள் தெருத்தெருவாகக் கூவிச் சென்ற காலத்தில், கிழிந்த பருத்திச் சேலைக்கு ஓர் எவர்சில்வர்க் கிண்ணம்கூடக் கிடைக்காது, சரிகைக்கே மதிப்பு. இன்று கைச்சாயம் ஏறிய பழம் பருத்தியைத் தேடி வாங்குவோர் பெருகியுள்ளனர். ஓர் இல்கல் சேலை நகரத்தில் நல்ல விலைக்குப் போகுமாயின், அதைக் கிழித்துக் குழந்தைக்கு விரிக்க வட கன்னட வீட்டில் யார் துணிவர்? அவ்வீடுகளின் துணிமூட்டையில் பாலியெஸ்டர்ச் சேலைகளும், பெங்களூர் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்களிலிருந்து வரும் வெட்டுத் துண்டுகளும் சேர்ந்து வெகு காலமாகிறது. அத்துண்டுகளை வெட்டிய கைகளும் பெரும்பாலும் பெண்களின் கைகளே. பாலியெஸ்டர் சாயம் வெளுக்காது. ஆனால் வழுக்கும், ஊசிக்கு அடங்காது, வியர்வையை உறிஞ்சாது. அதனால் தைப்பவர்கள் மேலே மினுக்கும் துண்டுகளை வைத்தாலும், குழந்தையின் உடல் படும் அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய பருத்திச் சேலையைத் தனியே எடுத்து வைக்க முயல்கின்றனர்.